ஆறு போட்டிகள், ஐந்து வெற்றிகள்: மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் காரின் 1955

2022 மே 19 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் ஒரு பெற்றோல் செட் வரிசையில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்றபோதுதான் அந்தச் செய்தியைக் கைபேசியில் பார்த்தேன். 1955 இல் செய்யப்பட்ட மெர்சிடிஸ் கார் ஒன்று 135 மில்லியன் யூரோவுக்கு ஏலம் போயிருந்தது. அதுவரை உலகில் எந்தக் காருக்கும் ஏலத்தில் கிடைக்காத விலை. பின்னால் நின்ற அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, “உந்தக் காசுக்கு எத்தினை கப்பல் பெற்றோல் வரும் தம்பி?” என்று கேட்டார். வரிசையே சிரித்தது.

அன்றிரவு ஒரு இணையத்தளத்துக்கு அதைப் பற்றி 200 சொற்களில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். விலை, நிறம், வேகம் எல்லாம் எழுதிவிட்டு, “1955 லு மான் விபத்தையடுத்து நிறுவனம் போட்டிகளிலிருந்து விலகியது” என்று ஒரு வரி சேர்த்தேன். 80 இற்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்த ஒரு மாலையை “விபத்தையடுத்து” என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கியிருந்தேன். அதற்கு முதல் நாள்தான் முள்ளிவாய்க்காலில் நினைவேந்தல் நடந்தது. எத்தனை பேர், யார் எண்ணினார்கள், பெயர்கள் எங்கே என்ற கேள்விகளை வழமைபோல அங்கே கேட்டுவிட்டு வந்திருந்தேன். போரில் நடந்த கொலைகளையும் காரோட்டப் போட்டியில் நடந்த ஒரு விபத்தையும் ஒன்றாக்குவது என் நோக்கமல்ல. ஆனால் என் வரி எனக்கே உறுத்தியது. அந்த 200 சொற் குறிப்பில் விடுபட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காரைப் பற்றி. 300 எஸ்எல்ஆர் வீதியில் ஓடும் 300 எஸ்எல் காரின் உறவு என்று பெயரைப் பார்த்து நினைக்கத் தோன்றும். உண்மையில் அது ஃபோர்முலா 1 காரிலிருந்து பிறந்தது. வரிசையாக எட்டு சிலிண்டர்கள், ஏறக்குறைய 3 லீற்றர் கொள்ளளவு, 300 குதிரை வலு அளவில் ஆற்றல். எரிபொருள் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சப்பட்டது. போர் விமான இயந்திரங்களில் ஜேர்மனியர்கள் தேர்ந்துகொண்ட நுட்பம் இது. உடல் எலெக்ட்ரோன் எனப்படும் மக்னீசியக் கலப்புலோகத் தகட்டால் ஆனது. பாரம் குறைவு. ஆனால் மக்னீசியம் தீப்பிடித்தால் வெள்ளை ஒளியோடு எரியும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூர்க்கமாக எரியும். இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரின் பின்னாலிருந்த பொறியியலாளர் ருடோல்ஃப் ஊலன்ஹவுட். லண்டனில் பிறந்தவர், ஜேர்மனியத் தந்தை, ஆங்கிலத் தாய். அணியை நடத்தியவர் அல்ஃப்ரெட் நொய்பாவர், போருக்கு முன்பிருந்தே மெர்சிடிஸ் அணியின் முகமாக இருந்தவர். போருக்கு முன் என்று சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1944 இல் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் தொழிலாளர்களில் ஏறக்குறைய அரைவாசிப்பேர் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள்: பொதுமக்கள், போர்க்கைதிகள், வதைமுகாம்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். நிறுவனமே பின்னர் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பதினொரு வருடங்களின் பின் அதே நிறுவனத்தின் வெள்ளிநிறக் கார்கள் இத்தாலிக்கும் பிரான்சுக்கும் போட்டிக்குப் போயின.

1955 மே 1 ஆம் திகதி மில்லே மீலியா. இத்தாலியின் பிரேஷியா நகரில் தொடங்கி, ரோம் வரை போய், மீண்டும் பிரேஷியாவுக்கே வரும் ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர் ஓட்டம், சாதாரண வீதிகளில். இங்கிலாந்தின் ஸ்ரேர்லிங் மொஸ் ஓட்டிய காரின் இலக்கம் 722. காலை 7.22 இற்குப் புறப்பட்டதால் அந்த இலக்கம். அவருக்குப் பக்கத்தில் டெனிஸ் ஜென்கின்சன் என்ற தாடிக்கார ஊடகவியலாளர். முன்னரே வீதி முழுவதையும் ஓடிப் பார்த்து, ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் ஐந்து மீற்றருக்கு மேல் நீளமான கடதாசிச் சுருளில் எழுதி, அதை ஒரு அலுமினியப் பெட்டிக்குள் வைத்து உருட்டி உருட்டி வாசித்தார். இயந்திரச் சத்தத்தில் பேச முடியாது, எல்லாம் கைச்சைகை. வழியில் வாந்தி எடுக்கத் தலையை வெளியே நீட்டியபோது மூக்குக்கண்ணாடி காற்றோடு போய்விட்டது. அவரிடம் இன்னொன்று இருந்தது.

10 மணித்தியாலம் 7 நிமிடம் 48 செக்கன். சராசரியாக மணிக்கு 157 கிலோமீற்றருக்கு மேல். அதே வகைக் காரைத் தனியாக ஓட்டிய ஆர்ஜென்ரீனாவின் ஹுவான் மனுவல் ஃபான்ஜியோ அரை மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி இரண்டாவதாக வந்தார். ஜென்கின்சன் தன் சஞ்சிகையான ‘மோட்டார் ஸ்போர்ட்’டில் எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் வாசிக்கப்படுகிறது. ஊடகக் கற்கை படித்தவன் என்ற வகையில் எனக்கு அந்தக் கட்டுரையில் பொறாமை உண்டு. இந்தக் காரின் பெருமைக்கு ஆசனத்திலேயே ஒரு எழுத்தாளர் இருந்தார்.

அந்த மாதக் கடைசியில் ஜேர்மனியின் ஐஃபெல் போட்டியிலும் ஃபான்ஜியோ முதலாவது, மொஸ் இரண்டாவது. அடுத்தது லு மான்.

லு மான் பாரிஸுக்குத் தென்மேற்கே உள்ள நகரம். 1923 முதல் அங்கே 24 மணித்தியாலப் போட்டி நடக்கிறது. 1940 முதல் 1944 வரை நகரம் ஜேர்மனியப் படையின் கீழ் இருந்தது. போட்டி மீண்டும் தொடங்கியது 1949 இல்தான். பார்வையாளர் மேடைகளில் இருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் ஜேர்மனியச் சீருடை ஞாபகம் இருந்திருக்கும். நொய்பாவர் ஒரு காரைப் பிரெஞ்சுக்காரரிடம் கொடுத்தார்: 49 வயதான பியர் லெவெக். 1952 இல் இதே போட்டியில் ஏறக்குறைய 23 மணித்தியாலம் தனியாகவே ஓட்டி முன்னணியில் இருந்து, கடைசிக் கட்டத்தில் இயந்திரம் உடைந்து தோற்றவர். அன்று வென்றது மெர்சிடிஸ். லெவெக்குக்கு இணை ஓட்டுநர் அமெரிக்கரான ஜோன் ஃபிற்ச். போரில் விமானியாக ஜேர்மனிய ஜெட் விமானமொன்றைச் சுட்டு வீழ்த்தியவர், பின்னர் ஜேர்மனியரிடம் போர்க்கைதியாக இருந்தவர். ஒரே காருக்குள் இந்த இருவரும்.

ஜூன் 11, மாலை 6.26. போட்டி தொடங்கி இரண்டரை மணித்தியாலமும் ஆகவில்லை. ஜகுவாரில் மைக் ஹோதோர்னும் மெர்சிடிஸில் ஃபான்ஜியோவும் முதலிடத்துக்கு மோதிக்கொண்டிருந்தார்கள். லான்ஸ் மக்ளின் ஓட்டிய ஒஸ்ரின் ஹீலி காரைத் தாண்டிய ஹோதோர்ன், எரிபொருள் நிரப்பும் தரிப்பிடத்துக்குத் திரும்பப் பிறேக் பிடித்தார். மக்ளின் மோதாமலிருக்க இடப்பக்கம் விலகினார். அந்தப் பக்கத்தால் மணிக்கு ஏறக்குறைய 240 கிலோமீற்றர் வேகத்தில் லெவெக் வந்துகொண்டிருந்தார். ஹீலியின் சரிந்த பின்பகுதி அவருடைய காருக்கு ஏறுபலகை போலானது. கார் பறந்து போய் மண்ணணையில் மோதிச் சிதறியது. இயந்திரமும் முன்னச்சும் மூடியும் கழன்று, நெருக்கமாக நின்ற மக்களுக்குள் புகுந்து போயின. லெவெக் அந்த இடத்திலேயே இறந்தார். எஞ்சிய உடல் அணையின்மேல் எரிந்தது. தீயணைப்பவர்கள் தண்ணீர் ஊற்ற ஊற்ற, மக்னீசியம் இன்னும் எரிந்தது.

சில கணங்களுக்கு முன் லெவெக் கையை உயர்த்திக் காட்டியதாகவும், அதனால்தான் தான் தப்பியதாகவும் பின்னால் வந்த ஃபான்ஜியோ கடைசி வரை சொல்லிவந்தார்.

போட்டி நிறுத்தப்படவில்லை. ஏற்பாட்டாளர்கள் சொன்ன காரணம், இலட்சக்கணக்கானோர் ஒரேயடியாக வெளியேறினால் வீதிகள் அடைபட்டு அம்புலன்ஸ்கள் போக முடியாது என்பது. இதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் காயப்பட்டவர்கள் அகற்றப்பட்ட பிறகும், மறுநாள் பிற்பகல் 4 மணி வரை, கார்கள் அதே அணையைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தன. அதற்கு அந்தக் காரணம் போதாது.

விலகிவிட வேண்டும் என்று மெர்சிடிஸ் அணிக்குள் வற்புறுத்தியவர்களில் ஃபிற்ச் ஒருவர். ஜேர்மனியக் கார் பிரெஞ்சு மக்களைக் கொன்றுவிட்டு வெற்றிக்கு ஓடுகிறது என்று நாளை உலகம் பேசும் என்பது அவருடைய அச்சம். முடிவு ஸ்ருட்கார்ட்டில் உள்ள பணிப்பாளர்களிடமிருந்து வர வேண்டியிருந்தது. இரவு 2 மணிக்குச் சற்று முன், மேடைகள் ஓரளவு வெறுமையான நேரத்தில், மிச்சமிருந்த இரண்டு கார்களையும் நொய்பாவர் உள்ளே அழைத்தார். ஃபான்ஜியோவும் மொஸ்ஸும் மாறி மாறி ஓட்டிய கார் அப்போது முதலிடத்தில் இருந்தது. ஜகுவார் அணியும் விலகுமா என்று கேட்கப்பட்டது. அவர்கள் மறுத்தார்கள். ஹோதோர்னும் ஐவோர் பியூபும் வென்றார்கள். ஹோதோர்ன் சிரித்தபடி சம்பெய்ன் குடிக்கும் படத்தைப் பிரெஞ்சுச் சஞ்சிகையொன்று கசப்பான தலைப்போடு வெளியிட்டது. அந்த ஒரு கணத்தை வைத்து ஒரு 26 வயது இளைஞரை அளப்பது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. படம் மட்டும் நிலைத்துவிட்டது.

இறந்த பார்வையாளர்கள் எத்தனை பேர்? அதிகம் சொல்லப்படும் எண் 83. லெவெக்கையும் சேர்த்தால் 84. வேறு எண்களும் புத்தகங்களில் உண்டு. மருத்துவமனையில் பின்னர் இறந்தவர்களை யார் சேர்த்தார்கள், யார் சேர்க்கவில்லை என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. காயப்பட்டோர் நூற்றுக்கும் மேல். இந்தக் கார்களின் சட்டக இலக்கங்கள் ஒவ்வொன்றும் எந்தப் போட்டியில் ஓடின, யார் ஓட்டினார்கள், இன்று எங்கே நிற்கின்றன என்பதை அரை மணித்தியாலத்தில் என்னால் திரட்ட முடிந்தது. இறந்தவர்களின் பெயர்களைத் தேடியபோது அப்படி இல்லை. போட்டி முடிவுப் பட்டியலில் லெவெக்கின் காருக்கு எதிரே “விபத்து” என்று இருக்கும். மற்ற இரண்டுக்கும் எதிரே “விலகியது” என்று இருக்கும். பட்டியலில் வேறு நிரல் கிடையாது.

ஜேர்மனியர் எரிபொருளில் ஏதோ வெடிபொருள் கலந்திருந்தார்கள் என்ற வதந்தி உடனேயே பரவியது. அணைக்க முடியாத அந்த வெள்ளைத் தீயைப் பார்த்தவர்கள் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. பத்து வருடங்களுக்கு முன் பார்த்த தீ வேறு மாதிரியா இருந்தது? தீக்குக் காரணம் மக்னீசியம்தான்.

உத்தியோகபூர்வ விசாரணை எந்த ஓட்டுநரையும் குற்றவாளியாகக் காணவில்லை. பிழை ஓடுபாதையில் இருந்தது என்பதுதான் சாராம்சம்: மணிக்கு 100 கிலோமீற்றர் காலத்தில் போடப்பட்ட ஒடுக்கமான பாதை, தரிப்பிடத்துக்கும் பாதைக்கும் நடுவே தடுப்பில்லை, மக்களுக்கு முன்னால் ஒரு சிறிய மண்ணணை மட்டும். யாரும் தண்டிக்கப்படவில்லை. ஹோதோர்ன் 1958 இல் எழுதிய நூல் பழியைத் தன்பக்கம் திருப்புவதாகக் கண்ட மக்ளின் அவதூறு வழக்குத் தொடுத்தார். வழக்கு முடியுமுன், 1959 ஜனவரியில், ஹோதோர்ன் வீதி விபத்தொன்றில் இறந்தார். அவருடைய ஜகுவார் அப்போது ஒரு மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரைத் தாண்டிச் சென்றிருந்தது.

பாதை திருத்தப்பட்டது. தரிப்பிடப் பகுதி இடித்து அகலமாக்கப்பட்டு, மேடைகள் பின்தள்ளப்பட்டு, 1956 ஜூலையில் போட்டி மீண்டும் நடந்தது. 1955 இன் பல பெரிய போட்டிகள் கைவிடப்பட்டன. சுவிற்சர்லாந்து சுற்றுப்பாதைக் காரோட்டப் போட்டியைத் தடைசெய்தது. 2018 இல் சூரிச்சில் மின்சாரக் கார்ப் போட்டிக்குத்தான் முதற்தடவையாகக் கதவு திறந்தது.

300 எஸ்எல்ஆர் ஓடுவதை நிறுத்தவில்லை. ஓகஸ்டில் சுவீடனில் ஃபான்ஜியோ வென்றார். செப்ரெம்பரில் வட அயர்லாந்தின் டண்ட்ரோட்டில் முதல் மூன்று இடங்களும் மெர்சிடிஸுக்கே. முதலாவதாக வந்த காரில் மொஸ்ஸோடு ஃபிற்ச் இருந்தார். அதே போட்டியில் வேறு கார்களில் மூன்று ஓட்டுநர்கள் இறந்தார்கள். ஒக்ரோபரில் சிசிலியின் தார்கா ஃப்ளோரியோவில் பாதையை விட்டு விலகி வயலுக்குள் இறங்கிய மொஸ்ஸின் காரை ஊர்ச் சனம் தள்ளி ஏற்றிவிட, அவரும் பீற்றர் கொலின்ஸும் வென்றார்கள். அதோடு ஃபெராரியைச் சிறிய புள்ளி வித்தியாசத்தில் முந்தி உலகச் சம்பியன் பட்டமும் மெர்சிடிஸுக்குக் கிடைத்தது. ஆறு போட்டிகளில் ஐந்து வெற்றிகள். புத்தகங்களில் இந்தக் காருக்கு முன்னால் “நிகரற்ற” என்று போடுவது இதனால்தான்.

அந்த மாதமே நிறுவனம் போட்டிகளிலிருந்து விலகுவதாக அறிவித்தது. சொன்ன காரணம் லு மான் அல்ல, பொறியியலாளர்கள் சாதாரணக் கார்களுக்குத் தேவை என்பது. ஆக என் 2022 குறிப்பின் அந்த வரி இன்னொரு வகையிலும் அரைகுறை. மெர்சிடிஸ் பெயர் லு மான் வெற்றி மேடைக்கு வர 1989 வரை ஆனது. 1999 இல் அதன் கார்கள் அங்கே மீண்டும் காற்றில் எழும்பின. மார்க் வெபரின் கார் ஒன்றுக்கு இரண்டு தடவை கவிழ்ந்தது. பீற்றர் டம்பிரெக்கின் கார் பறந்து மரங்களுக்குள் விழுந்தது. யாரும் இறக்கவில்லை, அணி விலகியது.

135 மில்லியனுக்குப் போனது இந்தப் போட்டிகளில் ஓடிய கார் அல்ல. எஸ்எல்ஆரின் கூரை போட்ட வடிவம், மொத்தம் இரண்டே இரண்டு செய்யப்பட்டன. போட்டிக்கென்று செய்து, எந்தப் போட்டியும் ஓடாதவை. ஊலன்ஹவுட் அவற்றில் ஒன்றை வேலைக்குப் போய்வரப் பாவித்தார்.

ஃபிற்ச் பின்னாளில் வீதிப் பாதுகாப்பில் இறங்கினார். போர்க்காலத்தில் விமானத் தாக்குதலிலிருந்து கூடாரங்களைக் காக்க எரிபொருள் கலன்களில் மண் நிரப்பிச் சுற்றி அடுக்கிய ஞாபகத்திலிருந்து, மண் நிரப்பிய பிளாஸ்ரிக் பீப்பாய்களை வடிவமைத்தார். அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் பாலத் தூண்களுக்கும் பிரியும் வீதிகளுக்கும் முன்னால் மஞ்சள் நிறத்தில் கூட்டமாக நிற்பவை அவைதான். அவற்றைச் சோதிக்க ஃபிற்ச் தானே காரை ஓட்டிக்கொண்டு போய் மோதினார். 2012 இல், 95 ஆவது வயதில் இறந்தார்.