துடிப்பு நரம்பணு வலையமைப்பும் தொகுப்பியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்
நரம்புரு (நியூரோமார்பிக்) வன்பொருளின் வரலாறு பெரும்பாலும் சில்லுகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. வலையமைப்பைச் சில்லில் ஏற்றித்தரும் தொகுப்பி (கம்பைலர்) அவ்வரலாற்றில் பெற வேண்டிய இடத்தை இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: துடிப்பு நரம்பணு வலையமைப்பு, தொகுப்பி, ட்ரூநார்த், ஸ்பின்னேக்கர், லோயிஹி.

முன்னுரை
கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் கார்வர் மீட் 1980களில் நரம்பு மண்டலத்தின் செயற்பாட்டை ஒப்புமைச் சுற்றுகளில் உருவாக்க முயன்றார். விழித்திரை, உட்செவி போன்றவற்றைப் பின்பற்றிய அச்சுற்றுகள் குறித்த பணிக்கெனவே அமைக்கப்பட்டன. ஆதலின் அவற்றுக்குத் தொகுப்பி தேவைப்படவில்லை. ஒரே சில்லில் பல வலையமைப்புகளை இயக்க முற்பட்டபோதே அத்தேவை எழுந்தது.

ட்ரூநார்த்: வன்பொருளின் எல்லைகள்
ஐ.பி.எம். நிறுவனம் 2014இல் அறிவித்த ட்ரூநார்த் சில்லில் 4096 உள்ளகங்கள் (கோர்) இருந்தன. ஒவ்வொன்றிலும் 256 நரம்பணுக்களும் 256 உள்ளீட்டு வழிகளும் அமைந்தன. ஒரு நரம்பணுவின் துடிப்பு ஒரேயோர் உள்ளீட்டு வழியையே சென்றடையும். பல உள்ளகங்களுக்கு அனுப்ப வேண்டின் அந்நரம்பணுவைப் படியெடுக்க வேண்டும். இந்நுணுக்கங்களை மறைத்து, உள்ளீடு வெளியீடுகளை மட்டும் காட்டும் 'கோர்லெட்' மொழி, சில்லுக்கு முன்னரே 2013இல் அறிமுகமானது. எனினும் அது ட்ரூநார்த்தின் கட்டமைப்புக்கே உரியது.

ஸ்பின்னேக்கர்: பகுத்தலும் வழிப்படுத்தலும்
மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் ஃபர்பர் தலைமையில் உருவான ஸ்பின்னேக்கர் வேறு வழியை மேற்கொண்டது. ஒரு சில்லில் 18 ஏ.ஆர்.எம். உள்ளகங்கள் உள்ளன, நரம்பணுவின் நடத்தை மென்பொருளாகவே எழுதப்படுகின்றது. எனவே வலையமைப்பைப் பகுத்தல், இடமளித்தல், துடிப்புகளுக்கு வழியமைத்தல் ஆகியவையே இங்குத் தொகுப்பியின் தலையாய பணிகளாயின. ஒரு சில்லின் வழிப்படுத்து அட்டவணையில் 1024 பதிவுகளுக்கே இடமுண்டு. அதனால் அட்டவணையைச் சுருக்குதலும் இன்றியமையாததாயிற்று. பயனர் 'பைஎன்என்' மொழியில் எழுதிய விளக்கத்தைக் கணினிப் போலிமங்களிலும் இயக்க முடிந்தமை ஒரு முக்கியத் திருப்பமாகும். 2018இல் இவ்வமைப்பு பத்து இலட்சம் உள்ளகங்களை எட்டியது.

லோயிஹியும் பொது இடைவடிவமும்
இன்டெல் 2017இல் அறிவித்த லோயிஹி 128 நரம்புரு உள்ளகங்களைக் கொண்டது. அதில் இணைப்பின் எடையை 1 முதல் 9 பிட் வரையிலான துல்லியத்தில் அமைக்கலாம். துல்லியம் கூடினால் நினைவகம் குறையும்; இச்சமன்பாட்டைப் பேணுவதும் தொகுப்பியின் கடனாயிற்று. 2021இல் லோயிஹி 2 உடன் 'லாவா' என்னும் திறமூலச் சட்டகம் வெளிவந்தது. சில்லுதோறும் மொழி வேறுபட்ட நிலையில், 2024இல் முன்வைக்கப்பட்ட 'என்.ஐ.ஆர்.' என்னும் பொது இடைவடிவம் ஏழு போலிமங்களையும் நான்கு வன்பொருள் மேடைகளையும் இணைத்தது.

முடிவுரை
1957இல் வெளியான ஃபோர்ட்ரான் தொகுப்பி, நிரலாளரை இயந்திரக் கட்டளைகளினின்று விடுவித்தது. நரம்புருத் துறையில் அத்தகைய விடுதலை எளிதன்று. துடிப்பு நிகழும் காலமும் எடையின் துல்லியமும் இங்குப் பொருளின் பகுதிகள். சில்லு மாறின் அவையும் மாறும். ஆகவே இத்தொகுப்பி மொழிபெயர்ப்பதோடு அமையாது தோராயப்படுத்தவும் செய்கின்றது. சில்லுகளின் ஆற்றல் நுகர்வை ஒப்பிடும் ஆய்வுகள், பயன்பட்ட தொகுப்பியையும் அது செய்த தோராயங்களையும் குறிப்பிடாவிடின் அவ்வொப்பீடு முழுமை பெறாது.