மின்தெளிப்பு அயனியாக்கம்

மின்தெளிப்பு அயனியாக்கம் என்பது கரைசலில் உள்ள கரிம மூலக்கூறுகளைச் சிதைக்காமல் வளிமநிலை அயனிகளாக்கி நிறை நிறமாலைமானிக்குள் செலுத்தும் முறை.

நிறமாலைமானி அளப்பது நிறைக்கும் மின்சுமைக்கும் உள்ள விகிதத்தை. மின்சுமை ஏறாத மூலக்கூறு அதன் கண்ணில் படாது. பழைய எலக்ட்ரான் மோதல் முறையில், ஆவியாக்கிய பொருளின்மீது 70 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்களைப் பாய்ச்சுவார்கள். பெரும்பாலான கரிம மூலக்கூறுகள் அயனியாவதற்கு ஏறத்தாழ 10 எலக்ட்ரான்வோல்ட் போதும் என்பதால், மூலக்கூற்றில் தங்கும் மிகை ஆற்றல் பிணைப்புகளை முறித்துவிடுகிறது. சிறிய மூலக்கூறுகளை இனங்காண அந்தத் துண்டுகளே நல்ல சான்று. புரதத்தின் நிலை வேறு: சூடாக்கினால் அது ஆவியாகும் முன்பே சிதைந்துவிடும்.

1968இல் மால்கம் டோல் பாலிஸ்டைரீன் கரைசலை மின்புலத்தில் தெளித்துப் பார்த்தார். அந்த எண்ணத்தை யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபென் 1980களில் புரதங்கள்வரை கொண்டுசென்றார். 2002ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் ஃபென்னுக்கும், லேசர் வழியில் புரதங்களை அயனியாக்கிய ஜப்பானியர் கோய்ச்சி தனாக்காவுக்கும் பங்கு கிடைத்தது.

சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் தாங்கிய நுண்குழாயின் முனையிலிருந்து கரைசல் மின்னேறிய நுண்துளிகளாகச் சிதறும். வெப்பமான நைட்ரஜன் கரைப்பானை ஆவியாக்க, துளி சுருங்கி, அதன்மேல் மின்சுமை நெருக்கமாகும். விலக்குவிசை பரப்பு இழுவிசையை மீறும் எல்லையில் துளி பிளக்கும். இந்த எல்லையை 1882இலேயே ரேலி கணக்கிட்டிருந்தார். கடைசியில் எஞ்சுவது புரோட்டான்கள் ஒட்டிய மூலக்கூறு மட்டுமே. அது கரைப்பான் முழுதும் வற்றியபின் எஞ்சுகிறதா, துளியின் பரப்பிலிருந்து தானே வெளியேறுகிறதா என்பது நெடுநாள் விவாதம். பெரிய புரதங்களுக்கு முதல் விளக்கமும், சிறிய அயனிகளுக்கு இரண்டாவதும் பொருந்துவதாக இன்று பலர் கொள்கின்றனர்.

ஒரே மூலக்கூறு பல புரோட்டான்களை ஏற்பதே இம்முறையின் பெரும் பலம். ஏறத்தாழ 12,360 டால்டன் நிறையுள்ள குதிரையின் சைட்டோக்குரோம்-சி புரதம் 16 புரோட்டான்களை ஏற்றால், அதன் விகிதம் சுமார் 773.5 ஆகக் குறையும். எளிய கருவியே அதை அளந்துவிடும். அடுத்தடுத்த மின்சுமைகளுக்குரிய உச்சிகளை ஒப்பிட்டால் உண்மையான நிறை துல்லியமாகக் கிடைக்கும்.

கரைசலில் சோடியம் உப்பு அல்லது பாஸ்பேட் மிகுந்தால் குறிப்பலை மங்கும். அதனால் எளிதில் ஆவியாகும் பார்மிக் அமிலத்தையோ அம்மோனியம் அசிட்டேட்டையோ சேர்க்கிறார்கள். புரோட்டானை ஏற்கவோ இழக்கவோ இடமில்லாத ஹெக்சேன் போன்ற ஹைட்ரோகார்பன்கள் இம்முறைக்குப் பிடிபடுவதில்லை. அவற்றுக்கு இன்றும் எலக்ட்ரான் மோதல் முறைதான்.