நாங்கள், நீங்கள், நாம்: இளையோர் கூட்டுப் பயணமும் அதன் எழுத்தும்

நண்பர்களோடு அயல்நாடு சென்று வந்த ஒருவர் அதனைத் தமிழில் எழுதப் புகும்போது, முதல் வாக்கியத்திலேயே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். 'நாங்கள் புறப்பட்டோம்' என்பதா, 'நாம் புறப்பட்டோம்' என்பதா? முன்னது கேட்போரை விலக்கிய பன்மை. பின்னது கேட்போரையும் உளப்படுத்திய பன்மை. பழந்தமிழில் யாம், நாம் என நின்ற வேறுபாடு இது. மலாய் மொழியிலும் காமி, கித்தா என இவ்வேறுபாடு உண்டு என்பதை நம் மாணவர் நன்கறிவர். ஆங்கிலத்திலோ இரண்டிற்கும் ஒரே சொல்தான். சேர்ந்து பயணம் செய்து அதனை நூலாக்கிய இளையோரின் வரலாற்றில் இரண்டு நிகழ்வுகளை இவ்வேறுபாட்டின் துணைகொண்டு நோக்குவோம். இரண்டும் சிங்கப்பூரோடு தொடர்புடையவை.

1955ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகளில் இலண்டனிலிருந்து புறப்பட்டனர். தரைவழியாகவே சிங்கப்பூரை அடைவது அவர்தம் நோக்கம். கையில் பெரும்பணம் இல்லை; நிறுவனங்களின் ஆதரவைக் கேட்டுப் பெற்றே பயணத்துக்கு வேண்டியவற்றைத் திரட்டினர். அப்போது பிபிசியில் இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோ படச்சுருள் கொடுத்து உதவினார். பொறி பழுதுபார்ப்பது, வழி காண்பது, படம் எடுப்பது எனப் பணிகளைப் பகிர்ந்துகொண்டனர். எழுதும் பொறுப்பு டிம் ஸ்லெஸருடையது. 1956 மார்ச் 6ஆம் நாள் அவர்கள் சிங்கப்பூரை அடைந்தனர். மலாயாவில் அது அவசரகாலம். விடுதலைக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. ஸ்லெஸர் எழுதிய 'ஃபர்ஸ்ட் ஓவர்லேண்ட்' என்னும் நூல் 1957இல் வெளிவந்தது.

அந்நூலின் தன்மைப் பன்மையைத் தமிழாக்குவோர் 'நாங்கள்' என்றே எழுதுவர். பிறர் செய்திராத ஒன்றை நாங்கள் செய்தோம் என்பதே அதன் பொருள். அந்த 'நாங்கள்' என்னும் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்று வரலாற்று மாணவர் கேட்க வேண்டும். அசாமிலிருந்து வட பர்மாவுக்குள் செல்ல அவர்களுக்கு உதவியது லெடோ சாலை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினரும் ஆயிரக்கணக்கான ஆசியத் தொழிலாளரும் காட்டையும் மலையையும் வெட்டி அமைத்த சாலை அது.

அதே போர்க்காலத்தில், 1942–43ஆம் ஆண்டுகளில், மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்தொகையாகச் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள்ளும் இளைஞர் பலர். நண்பரோடும் உறவினரோடும் எல்லை கடந்து சென்றவர்கள். பல்லாயிரவர் திரும்பவில்லை. திரும்பியோரின் 'நாங்கள்' பெரும்பாலும் வாய்மொழியாகவே தங்கிவிட்டது. எழுத்தாக நமக்குக் கிடைத்தது குறைவு. விரும்பிச் சென்ற பயணமும் வற்புறுத்தப்பட்ட பயணமும் ஒன்றல்ல. ஆயினும் எவருடைய பயணம் நூலாகிறது என்பதைக் கல்வியும் ஓய்வும் அச்சு வாய்ப்பும் தீர்மானிக்கின்றன என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் உணரலாம்.

இரண்டாம் நிகழ்வு 1972இல் தொடங்கியது. டோனி வீலர், மோரீன் வீலர் என்னும் இளந்தம்பதியர் இலண்டனிலிருந்து பழைய சிறுவண்டி ஒன்றில் புறப்பட்டனர்; அதனை ஆப்கானிஸ்தானில் விற்றுவிட்டுக் கிடைத்த ஊர்திகளில் ஏறி ஆஸ்திரேலியாவை அடைந்தனர். எப்படிச் சென்றீர்கள், எவ்வளவு செலவாயிற்று எனப் பலரும் கேட்டதால், 1973இல் ஒரு சிறுநூலைத் தாமே அச்சிட்டு வெளியிட்டனர். பின்னர்த் தென்கிழக்காசியாவைச் சுற்றிவந்து, சிங்கப்பூரில் சீனர் நடத்திய எளிய விடுதியொன்றில் தங்கி அடுத்த வழிகாட்டி நூலை உருவாக்கினர். அது 1975இல் வெளிவந்தது. முதுகுப்பையோடு வந்த இளையோர் பலர் அதனைக் கையில் வைத்திருந்தனர்.

இந்நூல்கள் முன்னிலையை நோக்கிப் பேசுபவை. நீங்கள் இப்படிச் செல்லலாம், இங்கே தங்கலாம், இவ்வளவு செலவாகும் என்பதே அவற்றின் போக்கு. தமிழ் மாணவருக்கு இது புதிதன்று. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் கலைஞனுக்கு வழியும் ஊரும் உணவும் சொல்லி ஆற்றுப்படுத்துவதே ஆற்றுப்படை. மலைபடுகடாம், கூத்தர் கூட்டத்துக்கு மலைவழியின் இடர்களையும் எடுத்துரைக்கிறது. தான் பெற்றதைப் பிறரும் பெற வேண்டும் என்னும் எண்ணம் இரண்டிற்கும் பொது. சென்றடையும் இடம் மட்டும் வேறு: அங்கே வள்ளலின் அவை, இங்கே மலிவான விடுதி.

1979இல் ஈரானில் புரட்சி வென்றது; அவ்வாண்டின் இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. இளையோர் சென்ற தரைவழி அறுபட்டது. வழி அறுபட்டதும், அவ்வழிக்காக எழுதப்பட்ட குறிப்புகளின் பயனும் போயிற்று. ஆயினும் வரலாற்றாசிரியருக்கு அவை இன்று சான்றுகள்: 1970களில் ஓர் அறையின் வாடகை என்ன, எந்த எல்லையில் எந்த ஊர்தி கிடைத்தது என்பவற்றை அவை காட்டுகின்றன. ஸ்லெஸரின் நூலோ தொடர்ந்து வாசிக்கப்பட்டது. 2019இல் அவ்விரு வண்டிகளுள் ஒன்று சீர்செய்யப்பட்டு, சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குத் தரைவழியே ஓட்டிச் செல்லப்பட்டது.

இன்று நம் மாணவர் விடுமுறையில் நண்பர்களோடு வியட்நாமுக்கும் நேப்பாளத்துக்கும் செல்கின்றனர். நிழற்படங்கள் குவிகின்றன, எழுத்து அருகி வருகிறது. படம் முகத்தைக் காட்டும். பேருந்துக் கட்டணத்தையோ, வழி சொன்னவரின் பேச்சையோ, நண்பருக்குள் எழுந்த பிணக்கையோ காட்டாது. ஆசிரியர்கள் ஒரு பயிற்சி தரலாம். ஒரே நாள் நிகழ்வை ஒருவர் 'நாங்கள்' என்றும், இன்னொருவர் 'நீங்கள்' என்றும், மூன்றாமவர் 'நாம்' என்றும் எழுதட்டும். முதலாவது சான்றாகும்; இரண்டாவது வழிகாட்டியாகும். மூன்றாவதே கடினம். உடன் வராத வாசகரை உடன் அழைத்துச் செல்ல, இடமும் பொழுதும் மனிதரும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வழியில் உதவியவரையும் அந்த 'நாம்' உள்ளடக்குமாயின், அவ்வெழுத்து நம் பயண இலக்கியத்துக்கு ஒரு நல்ல வரவாகும்.