வெள்ளித்திரையில் கறுப்பர் எழுச்சியும் வணிகச் சுரண்டலும்

கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் திரைப்படங்களைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. எனினும் அம்மக்களுக்கும் நமக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. மகாத்மா புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ என்னும் நூலை அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட நன்மக்களுக்கே படையலாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, அம்மக்கள் ஐக்கிய நாடுகள் மன்றத்திற்கு அளித்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டார். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பாந்தர் இயக்கம், 1966இல் அமெரிக்காவின் ஓக்லந்து நகரில் தோன்றிய கருஞ்சிறுத்தைக் கட்சியின் பெயரைத் தழுவிக்கொண்டது. ஆகவே, அவர்கள் வெள்ளித்திரையில் கண்ட வெற்றியும் தோல்வியும் நம் இளைஞர் அறிய வேண்டியவையே.

பணிவிடைக்கே இடம்

அமெரிக்கத் திரைப்படம் தன் இளமையிலேயே கறுப்பரை இழிவுபடுத்தியது. 1915இல் கிரிஃபித் இயக்கிய ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ கறுப்பரைக் கொடியவராகவும், அவர்களைக் கொன்று குவித்த கூட்டத்தாரை மீட்பராகவும் காட்டியது. இதனைக் கண்டு சோர்ந்துவிடாமல், ஆஸ்கர் மிஷோ என்னும் கறுப்பின எழுத்தாளர் பங்குகள் விற்றுப் பணம் திரட்டி, 1919இல் தம் சொந்தப் படத்தை எடுத்தார். ஆயினும் பெரு நிறுவனங்களின் படங்களில் கறுப்பருக்குக் கிடைத்தவை வேலைக்காரர், சமையற்காரி, கோமாளி ஆகிய வேடங்களே. ‘கான் வித் த விண்ட்’ படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹேட்டி மெக்டேனியல் 1940இல் ஆஸ்கர் பரிசு பெற்றார். ஆனால் அந்த விருந்து மண்டபத்தில் அவர் அமர்ந்தது உடன் நடித்த வெள்ளையருடன் அன்று, சுவரோரத்துத் தனி மேசையில். பரிசு கிடைத்தது, பந்தியில் சமத்துவம் கிடைக்கவில்லை. இக்காட்சியை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

காலம் மாறியது

1964இல் குடியுரிமைச் சட்டமும், 1965இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டத்தால் கிடைத்த உரிமை தெருவில் கிடைக்கவில்லை என்ற கொதிப்பு இளைஞரிடையே மிகுந்தது. அதே காலத்தில் வெள்ளையர் பலர் நகரை விட்டுப் புறநகர்களில் குடியேறினர். நகர நடுவிலிருந்த பெரிய கொட்டகைகள் காற்று வாங்கின. அவற்றை நிரப்பக்கூடியவர் அருகில் வாழ்ந்த கறுப்பின மக்களே. படநிறுவனங்களோ கடும் நட்டத்தில் தவித்தன. அந்நிறுவனங்களின் கதவு கறுப்பருக்குத் திறந்ததற்கு மனமாற்றம் மட்டும் காரணமன்று; கல்லாப் பெட்டியின் வறட்சியும் காரணம் என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டு கொட்டகைகளில் தொடங்கிய வெற்றி

மெல்வின் வான் பீபிள்ஸ் என்னும் கலைஞர் பெருநிறுவனத்தின் தயவை நாடாமல், கையிலிருந்த பொருளையும் நடிகர் பில் காஸ்பி கொடுத்த 50,000 டாலர் கடனையும் கொண்டு, 1971இல் ‘ஸ்வீட் ஸ்வீட்பேக்’ என்று சுருக்கமாக வழங்கப்படும் படத்தை எடுத்தார். எழுத்து, இயக்கம், இசை, நடிப்பு, தயாரிப்பு அனைத்தும் அவரே. வெள்ளைக் காவலரைத் தாக்கிய கறுப்பன் ஒருவன் இறுதிவரை பிடிபடாமல் தப்புவதே கதை. தொடக்கத்தில் இப்படத்தைத் திரையிட முன்வந்தவை டெட்ராய்ட்டிலும் அட்லாண்டாவிலுமாக இரண்டே கொட்டகைகள். எனினும் வசூல் ஒரு கோடி டாலரைக் கடந்தது. கருஞ்சிறுத்தைக் கட்சித் தலைவர் ஹியூ நியூட்டன் தம் கட்சி ஏட்டில் இதனைப் புகழ்ந்து நீண்ட கட்டுரை எழுதினார். படத்திலுள்ள ஆபாசக் காட்சிகளைக் கடிந்த கறுப்பினத் திறனாய்வாளரும் உளர். அக்கண்டனத்தை நாம் மறைக்க விரும்பவில்லை.

அதே ஆண்டில் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் கார்டன் பார்க்ஸ், எம்.ஜி.எம். நிறுவனத்திற்காக ‘ஷாஃப்ட்’ படத்தை இயக்கினார். ரிச்சர்ட் ரவுண்ட்ரீ நடித்த துப்பறிவாளன் எவர்க்கும் தலைவணங்காமல் நியூயார்க் வீதிகளில் நிமிர்ந்து நடந்தான். அப்பாடலுக்காக ஐசக் ஹேய்ஸ் 1972இல் ஆஸ்கர் பரிசு பெற்றார். தாழ்ந்து நின்ற உருவத்தையே திரையில் கண்டு பழகிய ஓர் இளைஞனுக்கு அந்த நடை என்ன பொருள் தந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆதாயம் யாருக்கு?

வெற்றியின் வாசனை அறிந்த நிறுவனங்கள் குறைந்த செலவில் குற்றக் கதைகளை வரிசையாக எடுத்துத் தள்ளின. 1972இல் வந்த ‘சூப்பர் ஃப்ளை’ படத்தின் நாயகன் ஹார்லெமில் கொக்கெயின் விற்பவன். 1973இல் ‘பிளாக் சீசர்’ ஒரு கொள்ளைக் கூட்டத் தலைவனை நாயகனாக்கியது. அதே ஆண்டில் வந்த ‘காஃபி’ படத்தில், தங்கையைப் போதைக்குப் பலிகொடுத்த செவிலி ஒருத்தி போதை வணிகரைப் பழிவாங்குகிறாள். அவ்வேடம் ஏற்ற பாம் கிரியர் புகழின் உச்சிக்குச் சென்றார். எனினும் ‘பிளாக் சீசர்’, ‘காஃபி’ இரண்டையும் இயக்கியவர்கள் வெள்ளையரே. ‘ஷாஃப்ட்’ படத்தின் மூலக்கதையை எழுதியவரும் வெள்ளையரே.

1972இல் ஹாலிவுட்டில் கறுப்பின உரிமைச் சங்கக் கிளையின் தலைவராயிருந்த ஜூனியஸ் கிரிஃபின், ‘பிளாக்’ என்னும் சொல்லையும் சுரண்டலைக் குறிக்கும் ‘எக்ஸ்பிளாய்ட்டேஷன்’ என்னும் சொல்லையும் இணைத்து, இவ்வகைப் படங்களுக்குப் ‘பிளாக்ஸ்பிளாய்ட்டேஷன்’ என்று பெயரிட்டார். உரிமைச் சங்கங்கள் கூடி எதிர்ப்புக் கூட்டணி அமைத்தன. நம் பிள்ளைகள் போதை விற்பவனையா வழிகாட்டியாகக் கொள்வது என்பது அவர்கள் வாதம். இப்படங்களில் பணிபுரிந்தோரோ, பல்லாண்டு மூடியிருந்த தொழிலில் இப்பொழுதுதான் எமக்குப் பிழைப்புக் கிடைத்தது என்றனர். ‘சூப்பர் ஃப்ளை’ படத்தின் தொழில்நுட்பப் பணியாளரில் கறுப்பரும் புவேர்ட்டோ ரிக்கரும் மிகுதியாக இருந்தனர் என்பது அவ்வாதத்திற்கு வலுவூட்டியது. இரு சாராரும் தம் மக்கள் நலத்தையே பேசினர். ஆகவே ஒரு சாராரைத் துரோகி என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

வழக்குத் தீருமுன் வணிகமே தீர்ப்புக் கூறிவிட்டது. ‘காட்ஃபாதர்’, ‘எக்சார்சிஸ்ட்’ போன்ற பொதுப் படங்களுக்கும் கறுப்பின மக்கள் திரளாக வருவதை நிறுவனங்கள் கண்டன. அவர்களுக்கெனத் தனிப்படம் எடுப்பானேன் என்று கைவிட்டன. பத்தாண்டு முடிவதற்குள் அலை ஓய்ந்தது. நடிகர் பலர் வேலையற்றுப் போயினர்.

ஆயின் ஒரு விதை பிழைத்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற சார்லஸ் பர்னெட் என்னும் மாணவர், இறைச்சிக் கூடத் தொழிலாளி ஒருவரின் குடும்பத்தைப் பற்றி, 10,000 டாலருக்கும் குறைந்த செலவில் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ என்ற படத்தை எடுத்து 1977இல் முடித்தார். துப்பாக்கி இல்லை, போதை இல்லை, உழைப்பவனின் களைப்பும் மானமுமே கதை. அமெரிக்க அரசு பாதுகாக்கும் தேசியத் திரைப்படப் பட்டியலில் அது 1990இல் இடம்பெற்றது. ‘ஷாஃப்ட்’ 2000இலும், ‘ஸ்வீட்பேக்’ 2020இலும் அப்பட்டியலில் சேர்ந்தன.

நாம் பெறும் பாடம்

இளைஞர்களே! திரையில் நம்மவன் நிமிர்ந்து நடக்கக் காணும்போது உள்ளம் பூரிப்பது இயல்பு. அந்தப் பூரிப்பை ஆசிரியராகிய நாம் பழிக்கமாட்டோம். நாமும் அதற்கு ஏங்கியவர்களே. ஆனால் கைதட்டியபின் மூன்று கேள்விகள் கேட்கப் பழகுங்கள். கதையை எழுதியவர் யார்? முதலிட்டவர் யார்? வசூல் எந்தப் பெட்டிக்குச் சென்றது? முகம் மட்டும் நம்முடையதாகி, ஏடும் கணக்கும் பிறர் கையிலிருந்தால், அவர் வேண்டாதபோது அந்த முகமும் மறையும். பர்னெட்டுக்குப் படக்கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது ஒரு கல்லூரி வகுப்பறை. இருபத்தைந்தாண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளை வகுப்பறைக்கு அனுப்பிவருவதன் பயனும் அதுவே. எழுதுகோலும் கணக்கேடும் படக்கருவியும் நம் பிள்ளைகள் கைக்கு வரட்டும். நம் கதையை நாமே சொல்வோம்.