அகாதமி கொடுத்த பட்டம்

குடும்பக் கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு, 1725-ல் பிரான்ஸில் பிறந்த ஓவியர் கிரூஸிடம் தனிப் பரிவு உண்டு. 1761-ல் பாரிஸ் கண்காட்சியில் அவர் வைத்த படம், ஒரு கிராமத்துக் கல்யாண நிச்சயம். பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையிடம் சீதனப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் புத்தி சொல்கிறார். பார்க்கக் கூட்டம் நெரிந்தது, திதரோவே புகழ்ந்தார்.

ஆனால் ராஜாங்க ஓவிய அகாதமியிலோ சரித்திரப் படம் தீட்டுகிறவருக்குத்தான் முதல் மரியாதை. கிரூஸுக்கும் அந்த ஆசை வந்தது. ரோமச் சக்கரவர்த்தி செவெரஸ், தம்மைக் கொல்ல நினைத்த மகனைக் கண்டிக்கும் காட்சியை 1769-ல் சமர்ப்பித்தார். அகாதமி அவரைச் சேர்த்துக்கொண்டது, குடும்பக் காட்சி வரைபவர் என்ற பட்டத்துடன்! மனம் நொந்தவர் 1800 வரை அந்தக் கண்காட்சிக்குப் படமே அனுப்பவில்லை. 1805-ல் வறுமையில் மறைந்தார்.

சக்கரவர்த்தி என்ற பெயரை எடுத்துவிட்டு அந்தப் படத்தைப் பாருங்கள். படுக்கையில் தகப்பன், எதிரே மகன். அதுவும் குடும்பக் கதைதானே!