உள்ளறைக் கதவு

ஒரு ஸ்தாபனத்தின் லட்சியத்துக்காக ஒருவர் தூக்குமேடை ஏறவும் தயாராக இருக்கிறார். ஆனால் அந்த ஸ்தாபனத்தில் அவர் அங்கத்தினராகச் சேர முடியாது! இப்படியும் ஒரு விந்தை உண்டா என்று நேயர்கள் கேட்கலாம். தென்னாப்பிரிக்காவில் இருந்தது.

அங்கே 1912-ல் பிறந்த ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ், நடைமுறையில் கறுப்பின மக்களின் சபையாகவே இருந்து வந்தது. இந்தியர்களுக்கு, காந்திஜி 1894-ல் தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரஸ் இருந்தது. நிறவெறியை வெறுத்த வெள்ளையர் சிலர் 1953-ல் தங்களுக்கென்று ஒரு காங்கிரஸ் அமைத்தார்கள். 1955-ல் கிளிப்டவுனில் எல்லாரும் கூடி, நாடு அதில் வாழும் அனைவருக்கும் சொந்தம் என்று சாசனம் செய்தார்கள். சாசனம் ஒன்றுதான், சபைகள் மட்டும் நிறத்துக்கு ஒன்று!

இதைக் கேட்டுச் சிரித்துவிடுவது எளிது. கொஞ்சம் பொறுங்கள். தலைமுறை தலைமுறையாக வாய் திறக்க விடாமல் அடக்கப்பட்டவர்கள் ஒரு சபை கூட்டுகிறார்கள். அங்கே படிப்பும் பணமும் மேடைப் பழக்கமும் உள்ள வேற்றினத்தார் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? நல்லெண்ணத்தோடுதான் வருவார்கள். ஆனாலும் நாற்காலி அவர்களுக்கு, தரை மற்றவர்களுக்கு என்று ஆகிவிடாதா? இந்த அச்சம் பலருக்கு இருந்தது. கூட்டாளிகளின் கை ஓங்குகிறது என்று சொல்லித்தான் ராபர்ட் சோபுக்வே முதலியவர்கள் 1959-ல் பிரிந்து போய்த் தனிக் கட்சி கண்டார்கள்.

அச்சம் நியாயமானதுதான். ஆனால் 1964-ல் ரிவோனியா வழக்கு முடிந்தபோது, மண்டேலாவோடு ஆயுள் தண்டனை பெற்ற ஏழு பேரில் இந்திய வமிசத்தவரான அகமது கத்ராடா ஒருவர்; வெள்ளையரான டெனிஸ் கோல்ட்பெர்க் ஒருவர். மரண தண்டனையை எதிர்பார்த்தே அவர்கள் கூண்டில் நின்றார்கள். சர்க்கார் சிறையிலும் நிறம் பார்த்தது. கத்ராடாவை மண்டேலாவோடு ராபன் தீவுக்கு அனுப்பியது. கோல்ட்பெர்க்கைப் பிரித்துப் பிரிட்டோரியாவில் அடைத்தது.

1968-ல் அதே சர்க்கார், பல இனத்தார் ஒரே கட்சியில் இருப்பதையே சட்டம் போட்டுத் தடுத்தது. நாவலாசிரியர் ஆலன் பேட்டன் தலைமை வகித்த லிபரல் கட்சி, நிறம் பிரித்து வாழ்வதைவிடக் கலைந்துபோவதே மேல் என்று கலைந்தது. மறு ஆண்டே, டான்ஜானியாவில் மோரோகோரோ என்ற ஊரில் கூடிய காங்கிரஸார், நாட்டுக்கு வெளியே இருந்த எல்லா இனத்தாருக்கும் அங்கத்தினர் வாசலைத் திறந்தார்கள்.

வாசல் திறந்தது, உள்ளறை திறக்கவில்லை. தேசிய நிர்வாக சபையில் கறுப்பர்கள் மட்டுமே இருக்கலாம் என்ற விதி நீடித்தது. வாசலைத் திறந்ததே பிழை என்று வாதாடிய எட்டுப் பேர் 1975-ல் விலக்கப்பட்டார்கள். 1985-ல், ஜாம்பியாவின் காப்வே நகரில்தான் உள்ளறைக் கதவும் திறந்தது. ஜோ ஸ்லோவோ என்ற வெள்ளையர் நிர்வாக சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பதினாறு ஆண்டுத் தாமதம் அதிகம் என்றே தோன்றுகிறது. ஆனாலும் பறிப்பதற்காகப் போட்ட பூட்டையும், பயந்து போட்ட பூட்டையும் ஒரே தராசில் வைக்க மனம் வரவில்லை. பயந்து பூட்டியவர்களே சாவியை எடுத்துத் திறந்தார்கள். அதுதான் அவர்களுக்குப் பெருமை.