அச்சமும் இன்பமும்: திகில் காட்சிகளின் வரலாறு

முன்னுரை

அச்சம் என்பது ஆபத்திலிருந்து தப்புவதற்காக உயிர்களுக்கு அமைந்த உணர்வு. பாம்பைக் கண்டால் விலகுகிறோம். இருட்டில் பின்னால் காலடி ஓசை கேட்டால் நடையை எட்டிப் போடுகிறோம். அப்படி விலகி ஓட வேண்டிய அச்சத்தைத் தேடிச் சென்று, காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி, இருட்டான அரங்கில் வரிசையாக அமர்ந்து அனுபவிக்கிறோம். இது ஏன்?

பேய்ப்படம் பார்க்கும் பிள்ளையின் மனம் கெட்டுவிடுமோ என்று கவலைப்படும் பெற்றோர் பலர் உள்ளனர். பார்க்க மறுக்கும் நண்பனைக் கோழை என்று கேலி செய்யும் மாணவர்களும் உள்ளனர். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். திகில் காட்சிகள் தோன்றி வளர்ந்த கதையைப் பார்த்தால், அச்சம் எப்போது இன்பமாகிறது, எப்போது இன்பமாக இருக்க மறுக்கிறது என்பது ஓரளவு விளங்கும்.

பழைய நூல்களில் அச்சம்

அச்சத்தைச் சுவையாகக் கருதுவது புதிய வழக்கம் அன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கையும் குறிப்பிடுகிறது. இன்றைய திகில் படங்களையும் இந்த நான்கில் பெரும்பாலும் அடக்கிவிடலாம்: பேய், கொடிய விலங்கு, கொலைகாரன், அதிகாரம் படைத்தவன். வடமொழியில் பரதரின் நாட்டிய சாத்திரமும் எட்டுச் சுவைகளுள் ஒன்றாகப் ‘பயானகம்’ என்னும் அச்சச் சுவையை வைத்தது.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய கவிதையியலில், துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி அவ்வுணர்வுகளைத் தூய்மைப்படுத்துகிறது என்றார். நேரில் கண்டால் அருவருக்கும் பொருளையும் ஓவியத்தில் கண்டு மகிழ்கிறோம் என்பதையும் அவர் கவனித்திருந்தார்.

1757இல் எட்மண்ட் பர்க் என்னும் சிந்தனையாளர் இதை மேலும் தெளிவாக்கினார். ஆபத்து மிக அருகில் வந்து நம்மை நெருக்கும்போது அதில் இன்பம் இல்லை, வெறும் கொடுமைதான். அதே ஆபத்து ஓரளவு தூரத்தில் இருந்தால் அது இன்பம் தரக்கூடும் என்பது அவர் கருத்து. இந்தத் தூரம் என்னும் சொல்லை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் புரியும்.

பாரிசில் எழுந்த பேய்கள்

கண்ணாடியில் வரைந்த படத்தை விளக்கொளியால் பெரிதாக்கிச் சுவரில் காட்டும் மாய விளக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. டச்சு அறிவியலர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659ஆம் ஆண்டளவில் அதை அமைத்தார். அதைக் கொண்டு மக்களை நடுங்கவைத்துப் பெரும்புகழ் பெற்றவர் எத்தியென் காஸ்பார் ரோபேர். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் 1763இல் பிறந்த இவர், ‘ரோபர்ட்சன்’ என்னும் மேடைப் பெயரால் அறியப்பட்டார்.

1798 ஜனவரியில் பாரிசில் அவர் தொடங்கிய காட்சிக்கு ஃபாண்டஸ்மகோரியா என்று பெயர். மறு ஆண்டு அது கைவிடப்பட்ட கப்புச்சின் துறவியர் மடத்துக்கு இடம் மாறியது. பார்வையாளர்கள் பாழடைந்த மடத்தின் வழியே நடந்து வந்து இருட்டறையில் அமர்வார்கள். கண்ணாடிக் கிண்ணங்களிலிருந்து எழும் ‘கிளாஸ் ஹார்மோனிகா’ இசை கேட்கும். திரையில் தொலைவில் ஒரு சிறு உருவம் தோன்றும். அது மெல்லப் பெரிதாகி, கூட்டத்தின் மேல் பாய்வது போல நெருங்கி வரும். திரைக்குப் பின்னால் இருந்தது சக்கரங்கள் பொருத்திய மாய விளக்கு. அதைத் திரையிலிருந்து பின்னோக்கி இழுத்தால் உருவம் வளரும். திரையை நோக்கித் தள்ளினால் சுருங்கும். விளக்கைக் கண்டறியாத கூட்டத்துக்கு அது பேயாகவே தோன்றியது.

காலத்தைக் கவனிக்க வேண்டும். பிரெஞ்சுப் புரட்சியின் ‘பயங்கர ஆட்சி’ முடிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1793, 1794 ஆண்டுகளில் சுமார் 17,000 பேர் தீர்ப்பின் பேரில் கொல்லப்பட்டிருந்தனர். அரங்கில் இருந்தவர்களில் உறவினரையோ நண்பரையோ கில்லட்டினுக்குப் பறிகொடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். உண்மையான அச்சத்தைக் கண்டு சலித்த மக்கள் பொய் அச்சத்தை ஏன் நாடினர்?

விடை அக்காட்சியின் அமைப்பிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் ரோபர்ட்சன் கூட்டத்தின் முன் பேசுவார். தாம் மந்திரவாதி அல்லர் என்பதையும், காணப்போவது அறிவியல் வித்தை என்பதையும் உணர்த்துவார். பிறகு விளக்குகள் அணையும். அவர் காட்டியவற்றுள் ஒன்று, பயங்கர ஆட்சியின் தலைவரான ரொபெஸ்பியர் கல்லறையிலிருந்து எழும் காட்சி. எழுந்தவுடன் மின்னல் தாக்கி அவர் தூளாகிவிடுவார். நாடு முழுவதையும் நடுங்க வைத்த ஒரு பெயர், ஒரு விளக்கின் அசைவில் சில நொடிகளில் அழிந்துபோயிற்று. வீதியில் யார் கைதாவார், யார் சாவார் என்பது மக்களின் கையில் இருக்கவில்லை. மடத்துக்குள் வந்த அச்சத்துக்கோ தொடக்கமும் முடிவும் உண்டு. வெளியேற வாசலும் உண்டு.

நூலிலிருந்து திரைக்கு

ரோபர்ட்சனின் காட்சி இன்னொரு வழியிலும் உலகைப் பாதித்தது. அவரது காட்சியின் பெயரைத் தழுவி ‘ஃபாண்டஸ்மகோரியானா’ என்னும் பேய்க்கதைத் தொகுதி 1812இல் பிரெஞ்சில் வெளிவந்தது. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக, 1816இல் ஐரோப்பாவில் கோடைக்காலமே குளிரும் மழையுமாகக் கழிந்தது. ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்த பைரன், ஷெல்லி, மேரி, மருத்துவர் போலிடோரி ஆகியோர் வெளியே செல்ல முடியாமல் இத்தொகுதியைப் படித்தனர். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் பைரன். அந்தப் போட்டியில் பிறந்ததுதான் 1818இல் வெளியான ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. கதையைத் தொடங்கியபோது மேரிக்கு வயது 18. போலிடோரியின் ‘வாம்பயர்’ கதையும் அதே கோடையிலிருந்து வந்ததே.

திரைப்படம் பிறந்த சிறிது காலத்திலேயே திகில் திரைக்கு வந்தது. மேடை மாயவித்தைக்காரரான ஜார்ஜ் மெலியே 1896இல் எடுத்த ‘பிசாசின் மாளிகை’ சில நிமிடங்களே ஓடும். அதை முதல் திகில் படம் என்று பலர் குறிப்பிடுவர்.

1931இல் அமெரிக்காவின் யூனிவர்சல் நிறுவனம் ‘டிராகுலா’, ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ ஆகிய இரண்டையும் வெளியிட்டது. பெரும் பொருளாதார மந்தத்தில் பலர் வேலையிழந்து தவித்த ஆண்டு அது. ஆயினும் இரு படங்களுக்கும் கூட்டம் திரண்டது. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தின் தொடக்கத்தில் நடிகர் ஒருவர் திரைச்சீலைக்கு முன் வந்து நின்று, இப்படம் உங்களை அதிரவைக்கலாம் என்று எச்சரிக்கிறார். பாரிசில் ரோபர்ட்சன் செய்ததும் ஏறத்தாழ இதுதான். 1958இல் இயக்குநர் வில்லியம் காசில், ‘மக்காபர்’ படம் பார்த்து அச்சத்தால் இறப்பவருக்கு 1,000 டாலர் காப்பீடு என்று விளம்பரம் செய்தார். வணிகத் தந்திரம்தான். ஆனால் எச்சரிக்கையும் காப்பீடும் பார்வையாளரிடம் ஒரே செய்தியைச் சொல்கின்றன: நீ இப்போது ஓர் எல்லையைத் தாண்டி விளையாட்டுக்குள் வருகிறாய்.

எல்லை அழிந்தபோது

இந்த எல்லையின் அருமையை உணர்த்துவது பாரிசின் கிரான் கினோல் அரங்கத்தின் கதை. 1897இல் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் தொடங்கப்பட்ட இச்சிறு அரங்கில் 300க்கும் குறைவான இருக்கைகளே இருந்தன. கொலை, சித்திரவதை, பைத்தியம் ஆகியவை மேடையில் அச்சு அசலாக நடித்துக் காட்டப்பட்டன. மயங்கி விழுவோருக்காக மருத்துவர் ஒருவரும் அரங்கில் இருந்தார்.

ஒரே இரவில் திகில் நாடகங்களையும் நகைச்சுவை நாடகங்களையும் மாற்றி மாற்றி நடத்துவது அவர்கள் வழக்கம். நடுங்கிய உடல் சிரிப்பில் தளர்ந்து, மீண்டும் நடுங்கத் தயாராகும். இந்தக் கலப்பு தமிழருக்கும் பழகியதே. 12ஆம் நூற்றாண்டின் கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் பாடும் பேய்கள், போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன. படிப்பவர் அஞ்சுவதா சிரிப்பதா என்று திகைக்கும்படி அமைந்த பகுதி அது. முனி (2007), காஞ்சனா (2011), அரண்மனை (2014) முதலிய பேய்ப்படங்கள் குடும்பத்துடன் பார்க்கும் படங்களாக வெற்றி பெற்றதற்கும் இக்கலப்பே முக்கியக் காரணம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் கிரான் கினோல் தேய்ந்து, 1962இல் மூடப்பட்டது. திரைப்படத்தின் போட்டி ஒரு காரணம். அதன் கடைசி இயக்குநர் வேறொரு காரணத்தையும் கூறினார். போருக்கு முன், மேடையில் நடப்பது உலகில் நடக்கக்கூடியதன்று என்று மக்கள் எண்ணினர். புக்கென்வால்ட் போன்ற நாஜி வதைமுகாம்களைப் பற்றி அறிந்த பின் அப்படி எண்ண முடியவில்லை என்றார்.

பயங்கர ஆட்சிக்குப் பின் ரோபர்ட்சன் செழித்தார்; உலகப்போருக்குப் பின் கிரான் கினோல் நலிந்தது. இது முரண்போலத் தோன்றும். ரோபர்ட்சன் காட்டியது நிழலுருவம். அதில் கொடியவன் தூளானான். கிரான் கினோல் காட்டியதோ வதையையே. அந்த வதையைச் சிலர் உடலால் அனுபவித்தும், பலர் செய்தித்தாளில் கண்டும் இருந்தனர். பர்க் கூறிய தூரம் அங்கே இல்லாமல் போயிற்று.

உடலில் நிகழ்வது

திடுக்கிடும் காட்சியில் மூளையின் அமிக்டலா என்னும் பகுதி ஆபத்தை உணர்த்துகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைந்து துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அதே நேரத்தில் மூளையின் முன்பகுதி ‘இது படம்தான்’ என்று மதிப்பிடுகிறது. ஆபத்து நீங்கிய பின்னும் உடலின் கிளர்ச்சி உடனே அடங்குவதில்லை. மிச்சமுள்ள அந்தக் கிளர்ச்சி அடுத்து வரும் நிம்மதியையும் மகிழ்ச்சியையும் பெரிதாக்குகிறது என்பது உளவியலர் டால்ஃப் சில்மனின் விளக்கம். படம் முடிந்து வெளியே வரும் நண்பர்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகச் சிரித்துப் பேசுவதை நினைத்துப் பாருங்கள்.

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பேய்வீட்டுக் காட்சி ஒன்றுக்கு வந்த 110 பேரின் இதயத்துடிப்பை அளந்து 2020இல் முடிவை வெளியிட்டனர். அச்சம் மிகக் குறைந்தாலும் இன்பம் குறைந்தது. மிகக் கூடினாலும் குறைந்தது. நடுத்தர அச்சத்திலேயே இன்பம் மிகுந்திருந்தது. கறிக்குக் காரம் போல என்று கொள்ளலாம். அந்த அளவு எல்லோருக்கும் ஒன்றல்ல. புதிய, தீவிரமான அனுபவங்களைத் தேடும் இயல்பு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று மார்வின் சக்கர்மன் என்னும் உளவியலர் 1960களிலிருந்தே ஆராய்ந்து காட்டினார்.

2020இல் கொரோனா பரவியபோது நடந்த ஓர் ஆய்வில், திகில் படங்களை விரும்புவோர் மற்றவர்களைவிடக் குறைந்த மன உளைச்சலையே தெரிவித்தனர். படங்கள்தாம் அவர்களைத் திடப்படுத்தின என்று இதிலிருந்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. இயல்பிலேயே திடமானவர்கள் அத்தகைய படங்களை விரும்பியும் இருக்கலாம். எனினும், அச்சத்தைப் பாதுகாப்பான இடத்தில் பழகிப் பார்ப்பது ஒருவகைப் பயிற்சி என்னும் கருத்துக்கு இது இடமளிக்கிறது. குழந்தைகள் கண்ணாமூச்சி ஆடுவதும் பாட்டியிடம் பேய்க்கதை கேட்பதும் இத்தகைய பழகுதல்களே.

முடிவுரை

வரலாறும் அறிவியலும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. தானே விரும்பி நுழைந்து, வேண்டும்போது விலக முடிகிற அச்சமே இன்பம் தருகிறது. எனவே திகில் படத்தை விரும்பும் மாணவரின் மனத்தில் ஏதோ கோளாறு என்று கருத வேண்டியதில்லை. அரிஸ்டாட்டிலும் தொல்காப்பியரும் ஆராயத்தக்கதெனக் கருதிய உணர்வையே அவர் நாடுகிறார்.

அதே அளவுகோலின்படி, படம் பார்க்க மறுப்பவரும் கோழை அல்லர். அவருக்குரிய நடுத்தர அளவு வேறு. விபத்தையோ வன்முறையையோ நேரில் சந்தித்தவருக்குத் திரையிலுள்ள இரத்தம் வெறும் சாயமாகத் தெரியாமல் போகலாம். அவரைக் கையைப் பிடித்து இழுத்துச் சென்று உட்கார வைப்பது விளையாட்டாகாது. இது படம்தான் என்று பிரித்தறியும் திறன் இன்னும் முதிராத சிறு குழந்தைகளுக்கும் இது பொருந்தும். 2023இல் திருத்தப்பட்ட இந்தியத் திரைப்படச் சட்டம் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது எனப் பிரித்திருப்பது பெற்றோர் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய வசதி.

நண்பர்களுடன் பேய்ப்படத்துக்குச் செல்லும் மாணவர்கள், கண்ணை மூடிக்கொள்ளவும் பாதியில் எழுந்து செல்லவும் அருகில் இருப்பவருக்கு உரிமை உண்டு என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அந்த உரிமை இருக்கும்வரைதான் அச்சம் சுவையாக இருக்கிறது.